காணாமல் போன முதல் பல்

ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளிவிட்டது என் கைதான். அந்த ரப்பரின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருப்பதுபோல் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ரேஸ் கோர்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் அக்கா தங்கத்தின் வீட்டு வாசல். வெளிர்பச்சை நிறப் பிக்கப் வண்டி ஒன்று, பின்பக்கம் ஜாக்கியில் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து, ஏதோ யோசனையில் இருப்பதுபோல் நிற்கிறது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சக்கரத்துக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அத்தான் உட்கார்ந்திருக்கிறார். கண்களை மூடிக்கொண்டு, காதைச் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

"உரசுது," என்கிறார்.

அடியில் கால்கள் அசைகின்றன. ஸ்பேனர் முனகுகிறது. நான் மறுபடி சக்கரத்தைத் தள்ளுகிறேன்.

"இப்ப அத்தான்?"

"லேசா இருக்கு. பட்டுப்புடவைய மடிக்கிற சத்தம் மாதிரி. இன்னும் ஒரு நூலு விடச் சொல்லு."

மாவு மில்லிலிருந்து வறுத்த மல்லியின் வாசனை வருகிறது. எதிர்வீட்டு மாடியில் மூங்கில் கழியில் காயும் சட்டைகள் கைகளை விரித்துக்கொண்டு ஆடுகின்றன. சக்கரம் சுற்றிச் சுற்றி, மெதுவாகி, எந்தச் சத்தமும் இல்லாமல் நிற்கிறது.

"போதும்," என்கிறார் அத்தான், கண்ணைத் திறக்காமலே.

கிரீஸ் பட்ட பக்கம்

இது நடந்த தேதியை எழுத முடியாதது எனக்குப் பெரிய குறை. இரண்டு வாரத்துக்கு முன் இதே பத்தியில் ரோச்சோர் கால்வாய் வெள்ளத்தைப் பற்றி எழுதியபோது, "அது வெள்ளிக்கிழமை அல்ல, வியாழன்; அன்று எங்கள் வீட்டில் விரதம்" என்று ஒரு வாசகி திருத்தியிருந்தார். டைரியை எடுத்துப் பார்த்தேன். வியாழன்தான். அவருக்கு என் நன்றி. பதினேழு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். மழையையும் தூக்கத்தையும்கூடக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தில் தேதி இருந்த மூலையில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு கிரீஸ் அப்பி, அடுத்த தாள்களுக்கும் ஊறியிருக்கிறது; முந்தைய தாள்களும் அட்டையும் எப்போதோ போய்விட்டன. யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும். பின்னால் சொல்கிறேன்.

தோ பாயோவில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் என்பதுவரை உறுதி. அறுபதுகளின் பின்பாதி. அதற்குமேல் நெருங்க முடியவில்லை.

உண்டுர்

அத்தானின் பெயர் முருகையா. சந்தின் முனையில் அவருக்கு ஒரு மளிகைக் கடை. சிறிய கடைதான். ஆனால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வீடு தேடிப் போகும். அதற்குத்தான் இந்தப் பிக்கப்.

முதலில் வாடிக்கைக்காரர்கள் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் வாடகை அறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் புது வீடு கிடைத்துத் தோ பாயோவுக்குக் குடிபோனார்கள். போகும்போது, "அண்ணாச்சி, சாமான் மட்டும் நீங்கதான் கொண்டாந்து குடுக்கணும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு அத்தானின் கண்கள் போயின. முழுக்கப் போகவில்லை. எதிரே வருவது லாரியா, மூன்று சக்கர ட்ரைஷாவா என்பது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும் என்ற அளவுக்கு மங்கின. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் வண்டி வாசலிலேயே நின்றது. எட்டாம் நாள் அக்கா சொன்னாள்: "நான் ஓட்டுறேன்."

"நீயா? ஸ்டியரிங்குக்கு மேல உன் தலையே தெரியாது," என்றார் அத்தான்.

"கோணிய மடிச்சுப் போட்டு உக்காந்துக்கறேன். உங்களுக்கு என்ன, உங்களுக்குத்தான் தெரியப்போறதில்லையே!"

அத்தான் சிரித்துவிட்டார். அவர் கண்ணைப் பற்றி அந்த வீட்டில் முதல் முதலாகச் சிரித்தது அன்றுதான். அதை டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஹமீது பாய் என்பவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதே வண்டியில்தான். முதல் டெஸ்ட்டில், மவுண்ட் எமிலி மேட்டின் நடுவில் நிறுத்தச் சொன்னார் டெஸ்டர். நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை எடுத்து, பிறகு பின்னால் நகராமல் கிளம்ப வேண்டும். அக்கா இழுத்தாள். ஒன்பது 'கடக்' சத்தம் வரை இழுத்தும் பிடிக்கவில்லை. அவ்வளவு தூரம் இழுக்க அவளுடைய குட்டைக் கை எட்டாமல் உடம்பே சாய்ந்தது. காலை எடுத்தாள். வண்டி மேட்டிலிருந்து பின்னோக்கி, அவசரமே இல்லாமல், இறங்கியது.

"மலாய்ல 'உண்டுர், உண்டுர்'னாரு தம்பி. பின்னாடி போவுதும்மான்னு. அவரு சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. பாவமாச் சொன்னாரு."

இரண்டாவது டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. இதிலும் தவறினால் வண்டியைக் கொடுத்துவிடுவது என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். கேலாங்கிலிருந்து ஒருவர் புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வண்டி போனால் தோ பாயோ போய்விடும். தோ பாயோ போனால் கடையில் மிச்சம் இருப்பது பூட்டும் சாவியும்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வண்டி வந்த நாள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தப் பிக்கப் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. அதற்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்ததாம். வந்த முதல் ஆறு மாதம் வெயில் ஏறினால் உள்ளேயிருந்து புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாடை வரும். அத்தான் சாம்பிராணி போட்டுப் பார்த்தார். கடைசியில் மசாலா மூட்டைகள் ஜெயித்தன. அதன்பின் அந்த வண்டி போகும் தெருவெல்லாம் சோம்பு மணக்கும்.

வெள்ளிக்கிழமைகளில் அத்தான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போவார். அவர் வலப்பக்கம் ஓட்டுவார். அக்கா இடப்பக்கம், மடியில் கடைச் சாவிக்கொத்து. நான் பின்னால் கோணிகள்மேல் மல்லாந்து கிடப்பேன். மரக்கிளைகள் என்மேல் ஓடும். சாலை விளக்குக் கம்பங்கள் ஓடும். வண்டி போகிறதா, வானம் போகிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். படித்த புத்தகங்கள் எத்தனையோ மறந்துவிட்டன. அந்தக் கிளைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவேன்.

குழவிக்கல்

வண்டிக்கு அடியில் கிடந்த கால்கள் செல்லையா அண்ணனுடையவை. பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்தவர். ரயில்வே ஸ்டோரில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவரிடம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. வாகனம் பழுதுபார்ப்பது எப்படி என்று விளக்கும் புத்தகம். அது வேறு வண்டிக்கு உரியது. "பிரேக் எல்லாத்திலையும் பிரேக்தான் தம்பி," என்பார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது.

முன்சக்கரங்கள் உருளாமலிருக்க அண்டை கொடுக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. ஒரு பக்கத்துக்குச் செங்கல் கிடைத்தது. இன்னொரு பக்கத்துக்கு நான் உள்ளே போய் அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிவந்தேன்.

"டேய்! அரைக்கிற கல்லக் கொண்டுபோய் டயருக்கா வைக்கிற?" அக்கா வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். "நாளைக்குச் சட்னியில தார் ரோடு மணக்கும்!"

"கழுவித் தர்றேன்க்கா."

"நீ கழுவின லட்சணம் தெரியும்."

பின்சக்கரங்களின் உட்புறம் இருந்த திருகாணியைச் செல்லையா அண்ணன் இறுக்குவார். சக்கரம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். உரசல் எப்போது நிற்கிறது என்று அத்தானின் காது சொல்லும். பத்து வருடம் அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தத்தோடும் குடித்தனம் நடத்திய காது. இரண்டு சக்கரமும் அப்படித்தான் முடிந்தன.

அடுத்தது ஹேண்ட்பிரேக். ஐந்தாவது சத்தத்தில் சக்கரம் பிடிபட்டு நிற்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அக்கா கம்பியை இழுத்து, ஒவ்வொரு பல்லிலும் விழும் சத்தத்தை எண்ணிச் சொல்ல வேண்டும். நான் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்து என் டைரியில் குறித்துக்கொள்ள வேண்டும். செல்லையா அண்ணன் அடியில் கேபிளின் மரையைத் திருக வேண்டும்.

முதல் சுற்றில் எட்டு. அடுத்து ஏழு. அப்புறம் ஆறு. நான்காம் சுற்றில் அக்கா ஐந்து என்றபோது சக்கரம் என் கைக்கு மசியவில்லை.

"அஞ்சு!" என்று கத்தினேன்.

செல்லையா அண்ணன் அடியிலிருந்து தலையை நீட்டினார். மூக்கில் கிரீஸ்.

"ஒண்டு எங்கை, பிள்ளை?"

"என்ன ஒண்ணு?" என்றாள் அக்கா.

"நானும் அப்ப பிடிச்சுக் கேக்கிறன். ஒண்டே வரேல்லை. எடுத்த எடுப்பிலை ரெண்டு எண்டுறீங்கள். முதல் பல்லு தேஞ்சுபோச்சுது போல. கம்பி அதைத் தாண்டிக் குதிக்குது."

நான் டைரியைப் பார்த்தேன். ஒன்று என்ற எண் எங்கேயும் இல்லை. நான்கு சுற்றிலும் இல்லை. எழுதியவன் நான்தான், எனக்கே அது அதுவரை தெரியவில்லை.

"முதல் பல்லு தேஞ்சா மத்ததும் தேஞ்சிருக்கும்," என்றார் அத்தான் மெதுவாக. "மேட்டுல மறுபடி வழுக்கும்."

அக்கா ஹேண்ட்பிரேக் கம்பியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

செய்தித்தாளின் மேல்

கழற்றினோம். வேறு வழி தெரியவில்லை. நான்கு மணிக்குமேல் இருக்கும். கம்பியை, அதன் அடியிலிருந்த பிறைவடிவப் பல்சட்டத்தை, பல்லில் விழுந்து பிடிக்கும் சின்ன இரும்பு நாக்கை, எல்லாவற்றையும் வீட்டு முகப்பின் ஐந்தடி நடைபாதையில் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்தோம். எல்லாம் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தன.

செல்லையா அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் தெரியாது. கண்ணாடியில் கிரீஸ். அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அக்காதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பல் பல்லாகத் தொட்டு எண்ணினாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

"பிள்ளை, நில்லுங்கோ. இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"மூணுன்னேன்."

"அதுக்கு முதல்?"

"ரெண்டு."

"அதுக்கும் முதல்?"

"ஒண்ணு."

"இல்லை. நீங்கள் ஒண்டு சொல்லேல்லை."

"சொன்னேனே அண்ணே!"

பிஸ்கட் டின்மேலிருந்து அத்தான் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது. "லாபம்னு சொன்னா அண்ணே, லாபம்! எங்க கடையில ஒண்ணே கிடையாது."

அரிசி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். அடுத்ததுதான் இரண்டு. நாங்கள் சுப்பாக்கில் அளந்தோம். அளவை மலாயாவுக்கு உரியது, எண்ணிக்கை எங்களுடையது. அக்கா பதினைந்து வருடமாக நாள் முழுக்க அப்படித்தான் எண்ணினாள். மாடிப்படியையும், தோசையையும், என் இருமலையும்கூட. அவள் வாயில் அது லாபம். அவள் காதில் ஒன்று. என் காதிலும் ஒன்றுதான். டைரியை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், முன்பு கண்ணில் படாமல், 'லா' என்று என் கையெழுத்தே இருந்தது.

செல்லையா அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ன கதை இது! நான் ஆரம்பம் எண்டு சொல்லுறா எண்டெல்லோ நினைச்சன். அடியிலை கிடந்தா அப்பிடித்தான் கேக்குது. ஒவ்வொரு முறையும் ஆரம்பம் சொல்லித் தொடங்கிறா, நல்ல ஒழுங்கான பிள்ளை எண்டு நினைச்சன்!"

எல்லாரும் சிரித்தோம், அக்காவைத் தவிர. இல்லாத குற்றத்துக்காகக் கழற்றிப் போட்ட இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயப்போகிறது. திரும்ப மாட்டத் தெரிய வேண்டும். ஊசியைப் பல் இடுக்கில் சும்மா குத்திக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, இங்க என்னமோ இருக்கு."

நான்காவது பல்லுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில். கறுப்பு மெழுகுபோல் ஒன்று பெயர்ந்து வந்தது. செல்லையா அண்ணன் அதை விரலில் நசுக்கினார். கிரீஸ், அதோடு தவிடு, பருப்புத் தூசி. உள்ளே உடையாமல் ஒரு பச்சைப்பயறு.

எல்லா இடுக்கிலும் அதே கதை. ஆசனத்துக்கு நடுவில் செருகிவைத்த மூட்டைகளிலிருந்து பத்து வருடமாகச் சிந்தியது. இரும்பு நாக்கு பல்லின் அடிவரை இறங்கவே இல்லை. நுனியில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. செல்லையா அண்ணன் ஒரு சுத்தம் செய்யாத பல்லில் நாக்கை வைத்து விரலால் தட்டிக் காட்டினார். வழுக்கியது. ஊசி போய்வந்த பல்லில் வைத்துத் தட்டினார். அசையவில்லை.

"கேபிளை மட்டும் இறுக்கி விட்டிருந்தா," என்றார். "செவ்வாய்க்கிழமையும் உண்டுர்தான்."

மண்ணெண்ணெய் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, ஒவ்வொரு பல்லாகக் கழுவினோம். அக்காவின் முழங்கைவரை கறுப்பு. "எழுதிக்க, மறந்துராத," என்று என் டைரியைக் காட்டிச் சொன்னவள், கட்டைவிரலை அதன் மூலையில் அழுத்தினாள். அந்த கிரீஸ் அவளுடையது.

மாட்டி முடித்து, ஜாக்கியை இறக்கி, செல்லையா அண்ணனும் நானும் முதுகு கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். வண்டி நகரவில்லை. ஆனால் எங்கள் சந்து சமதளம். மேட்டில் ஏற்றிப் பார்க்க எங்களில் யாருக்கும் ஓட்ட உரிமை இல்லை. ஹமீது பாய் செவ்வாய்க்கிழமை காலைதான் வருவார்.

நிற்பது

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. மேட்டின் அடியில், ஒரு மழைமரத்தின் கீழ், நானும் அத்தானும் நின்றோம். அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். ஹமீது பாய் சற்றுத் தள்ளிச் சுருட்டோடு நின்றார்.

அக்காவும் பக்கத்தில் டெஸ்டருமாக வண்டி எங்களைக் கடந்து ஏறியது. சோம்பு வாசனை ஒரு கணம் வந்து போயிற்று. மேட்டின் நடுவில், பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நிறுத்திட்டா," என்றேன்.

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால் அது அணையும். அதன்பின் வண்டியைப் பிடித்திருப்பது ஹேண்ட்பிரேக் மட்டும்தான். அத்தானின் உதடு அசைந்தது. அவ்வளவு தூரத்தில் ஒரு சத்தமும் கேட்காது. இருந்தும் அவர் எண்ணினார். "லாபம். ரெண்டு. மூணு. நாலு." ஐந்தைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சு அத்தான்."

"வண்டி?"

ஓரக் கால்வாயில் மழைத்தண்ணீர் சலசலத்து இறங்கியது. மரத்திலிருந்து துளிகள் இறங்கின. பழுத்த இலை ஒன்று தார்ச்சாலையின்மேல் தண்ணீரோடு சறுக்கி எங்களை நோக்கி வந்தது. மேட்டிலிருந்து இறங்கக்கூடிய எல்லாமே இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் அந்த வெளிர்பச்சை வண்டி மட்டும், கண்ணாடிக்குள் வைத்த பொம்மைபோல.

"வண்டி என்ன பண்ணுது? சொல்லேன்டா!"

"நிக்குது அத்தான்."

அவர் பிடி தளர்ந்தது. "நிக்குதா," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

பிறகு வண்டி உறுமியது, ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் மேலேறி, வளைவில் மறைந்தது. அன்றைய பக்கத்தில் இரண்டே சொல் எழுதியிருக்கிறேன்: வண்டி நின்றது.

அரைமணி கழித்துத் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினாள். டெஸ்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தார். அக்கா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் காது கூர்மைலா தம்பி. பிரேக்க இழுக்கும்போது என்னமோ சொன்னீங்களே, லாபமோ என்னமோ, அது என்ன மந்திரமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அரிசி அளக்குற கதையெல்லாம் அவருகிட்ட மலாய்ல எங்க சொல்றது? ஆரம்பம்னு அர்த்தம், டுவான், அப்படின்னுட்டேன்."

அத்தான் என் முழங்கையை விட்டுவிட்டு வண்டியின் பக்கம் போனார். பத்து வருடப் பழக்கத்தில் வலப்பக்கக் கதவின் கைப்பிடியைத் தடவிப் பிடித்தார்.

"என்னங்க," என்றாள் அக்கா, உள்ளேயிருந்து. குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பக்கம்."

அவர் கையை எடுத்தார். சற்று நின்றார். பிறகு சூடான என்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து, அதைத் தடவிக்கொண்டே வண்டியைச் சுற்றி நடந்து, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். அக்கா அவர் மடியில் சாவிக்கொத்தை வைத்தாள்.

நான் பின்னால் ஏறிக் கோணிகள்மேல் மல்லாந்தேன். கிளைகள் நகரத் தொடங்கின.